திறந்த கதவு நாளையும் திறந்திருக்கும்

மலைவழிச் செல்வோர் அஞ்ச வேண்டியது சிகரத்தையே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் அரை உண்மையே. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் 1,345 மீட்டர் உயரந்தான். ஆனால் அங்குள்ள மலைகளுக்கு இடையே ஓடும் சிற்றாறுகள் பெயரில்தான் சிறியவை. மழை நாளில் அவை ஆளை விழுங்கும். மேற்படிப்புக்காக அந்நாடு செல்ல விழையும் நண்பர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களை மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறேன்.

அம்மலைகளில் ‘பாத்தி’ என்றழைக்கப்படும் குடில்கள் பல உண்டு. நம் வயற்பாத்திக்கும் இதற்கும் உறவில்லை. மேய்ப்பரும் மான்காவலரும் முன்பு தங்கிய கல்வீடுகளே அவை. 1965ஆம் ஆண்டில் தோன்றிய மவுண்டன் பாத்தீஸ் அசோசியேஷன் என்னும் சங்கத்தின் தொண்டர்கள், ஏறக்குறைய நூறு குடில்களை நில உடைமையாளரின் இசைவோடு பழுதுபார்த்துக் காத்து வருகிறார்கள். அங்கே பூட்டில்லை, வாடகையில்லை, காவலாளியும் இல்லை. யார் வேண்டுமானாலும் கதவைத் திறந்து இரவைக் கழிக்கலாம். உலகில் இத்தகைய அறச்செயல் இன்னும் நிலவுகிறது என்பதே மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் குடிலுக்குச் செல்லும் வழியில் ஆறு குறுக்கிடும். பிரேமார்ப் பக்கமிருந்து கொரூர்க் குடிலுக்குப் போவோர் லூய்பெக் ஓடையைத் தாண்ட வேண்டும். அங்கே 1948இல் கெய்ர்ன்கார்ம் கிளப் என்னும் மலையேறுவோர் கழகம் ஒரு பாலம் கட்டியது. பாலத்திற்குச் செல்லச் சற்று மேலே சுற்றி நடக்க வேண்டும். அச்சிறு தொலைவுக்குச் சோம்பி நீரில் இறங்குவோரும் உளர். வடமேற்கே ஷெனவால் குடிலின் நிலை வேறு. பூலூ ஊரிலிருந்து கார்ன்மோர் வழியாக வருவோர்க்கு, குடிலை அடையுமுன் இரண்டு ஆறுகள் குறுக்கிடுகின்றன. இரண்டிற்கும் பாலமில்லை. வறண்ட நாளில் கணுக்காலை நனைக்கும் அந்நீர், ஓரிரவு மழையில் இடுப்பளவு ஏறிவிடும். சரிவு மிகுந்த பாறை மலைகள். மேலே மெல்லிய கரிமண். அதுவும் ஏற்கெனவே ஊறிக் கிடப்பது. பெய்த மழை தங்க இடமின்றி நேரே ஆற்றில் வந்து விழுகிறது.

நான் பௌதிகம் பயில்பவன். எனவே ஒரு கணக்கைக் கூறுகிறேன். ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை, அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுகிறது. நம் கால்களில் சதுர மீட்டரில் ஐந்திலொரு பங்கு பரப்பை நீர் தாக்குவதாகக் கொள்வோம். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அவ்விசை சுமார் 10 கிலோ எடைக்குச் சமம். இரண்டு மீட்டர் வேகத்தில் அது 40 கிலோ. வேகம் இரட்டித்தது, விசை நான்கு மடங்காயிற்று. அதே வேளையில் ஆழம் கூடக் கூட நீர் நம்மை மேலே தூக்குகிறது. காலடிப் பிடிப்புக் குறைகிறது. தள்ளுவது வளர, தாங்குவது தேய்கிறது. முழங்காலுக்கு மேல் நீர் விரைந்தோடினால் இறங்காதே என்று அனுபவசாலிகள் கூறுவது கோழைத்தனமன்று, கணக்கு.

எல்லா ஆற்றுக்கும் பாலம் கட்டிவிட்டால் என்ன என்று வினவலாம். அவ்வினாவை நான் எள்ளி ஒதுக்கமாட்டேன். கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், டார்ஃப் அருவிக்கு அருகே, 1879இல் பிரான்சிஸ் ஜான் பெட்ஃபோர்டு என்ற 18 வயது இளைஞன் நீரில் மூழ்கி இறந்தான். அவன் நண்பர்கள் பொருள் திரட்டினர். வழியுரிமைச் சங்கமும் துணை நின்றது. 1886இல் எழுந்த அப்பாலம் அவன் பெயரையே தாங்கி நிற்கிறது. துயரத்தைப் பிறர்க்குப் பயனாக்கிய அந்நண்பர்களை வணங்குகிறேன். ஆயினும் பாலம் எல்லாவற்றிற்கும் மருந்தாகாது. ஆளரவமற்ற காட்டில் வெள்ளம் பாலத்தையும் அடித்துச் செல்லும். வரைபடத்தில் உள்ள பாலத்தை நம்பி மாலையில் வந்து சேர்பவனிடம், அது இல்லாதபோது திரும்பிச் செல்லப் பொழுதும் இராது. பையில் உணவும் இராது.

உண்மையான ஆபத்து ஆற்றில் பாதி. நம் நெஞ்சில் பாதி. நாள் முழுதும் நனைந்து நடந்தவனுக்கு அக்கரையில் கூரை தெரிகிறது. இன்னும் இருபது அடிதான் என்று மனம் சொல்கிறது. குடில் தொலைவில் இருக்கும்போது எச்சரிக்கையோடு நடந்தவன், அது கண்ணில் பட்டதும் துணிந்து இறங்கிவிடுகிறான். புகலிடமே பொறியாகிறது!

இங்கேதான் அக்குடில்களின் இயல்பை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே நமக்கென ஒதுக்கிய அறை இல்லை. செலுத்திய பணம் வீணாகப் போவதில்லை. சோறு ஆறிவிடுமே என்று காத்திருப்பார் யாருமில்லை. பின் எதற்காக இன்றே அக்கரை சேர வேண்டும்? விரைந்து ஏறிய அவ்வாறுகள், மழை நின்றால் சில மணி நேரத்தில் விரைந்து வடிவதும் உண்டு. ஆகவே ஒரு நாள் உணவு கூடுதலாக எடுத்துச் செல்க. இக்கரையிலேயே இரவைக் கழிக்க ஒரு கூடாரமும் கொள்க. மேலே நடந்து, கிளையாறுகள் கூடுமுன் நீர் குறைந்த இடத்தைத் தேடுக. அதுவும் இல்லையேல் வந்த வழியே திரும்புக. திரும்பும் வழியையும் சேர்த்துத் திட்டமிடாத பயணத்தை நான் வீரமென்று ஒப்பமாட்டேன்.

2024 ஏப்ரலில் டம்மல் ஆற்றின் அருவியருகே, நடைப் பயணம் சென்ற இந்திய மாணவர் இருவர் நீரில் வீழ்ந்து உயிர் நீத்தனர். அவர்கள் குடில் தேடிச் சென்றவர் அல்லர். ஆற்றைக் கடக்க முயன்றதாகவும் நான் கூறவில்லை. ஆனால் அந்நாட்டு நீரின் குளிரும் வேகமும் நம் போன்ற இளைஞர்க்குப் புதியவை என்பதை அத்துயரம் நினைவூட்டுகிறது.

நண்பர்களே, போய்ப் பாருங்கள், அம்மலைகள் காணத்தக்கவை. ஆற்றங்கரையில் ஐயம் தோன்றினால் மட்டும் நில்லுங்கள். வெள்ளம் வடியும். குடிலின் கதவு நாளையும் திறந்திருக்கும். அதைத் திறக்க நாம் இருக்க வேண்டும்; அவ்வளவே.