சாரல் அடிக்குது... கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

ஜூலை மாசம். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்குறீங்க. மேலே வெயில், முகத்தில் காத்து. டவுன் பஸ்ஸில் ஏறி அஞ்சு கிலோமீட்டர் போனால் குற்றாலம்... சட்டை நனையுற சாரல்! ஆனா உங்க செல்போனைப் பாருங்க. ரெண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே மேகப் படம்தான் போட்டிருக்கும். 'என்ன பாஸ், ஏமாத்துறாங்களா?' என்று கோபப்படாதீங்க. விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யமானது.

வானிலையைக் கணிக்கிற கம்ப்யூட்டர் மாடலுக்கு பூமி ஒரு கணக்கு நோட்டு மாதிரி. எல்லா இடத்தையும் கட்டம் கட்டமாகப் பிரிச்சுடும். ஒரு கட்டத்துக்கு ஒரு உயரம், ஒரு வெப்பம், ஒரு மழை அளவு. நூறு கிலோமீட்டர் கட்டம் என்றால் என்ன ஆகும்? கேரளக் கடற்கரை, மலை, செங்கோட்டைக் கணவாய், தென்காசி வயல் எல்லாத்தையும் கலந்து சராசரி எடுத்தால், 1,868 மீட்டர் அகத்தியமலை இருக்கிற நம்ம மலைத்தொடரே சில நூறு மீட்டர் மேடாகிடும். கணவாய் காணாமலே போயிடும். அந்தக் கணவாய் வழியா வர்ற காத்தை நம்பித்தான் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுத்துது. குற்றாலத்துச் சாரலும் மேற்கிலிருந்து மலை தாண்டி வழியுற மழைதான். கணவாயே தெரியாத மாடலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'பாரத்' கணிப்பு முறை 2025 மே மாதம் வந்தது. அதுக்கு முன்னாடி 12 கிலோமீட்டராக இருந்த கட்டம் 6 கிலோமீட்டராகச் சுருங்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனா தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எத்தனை கிலோமீட்டர்னு மேலே சொன்னேனே... ரெண்டும் ஒரே கட்டத்துக்குள் மாட்டினாலும் ஆச்சரியமில்லை!

சரி, கட்டத்தைச் சின்னதாக்கினால் போதுமா? போதாது. கட்டத்துக்குக் கீழே என்ன இருக்கு என்பதும் முக்கியம். ஈர வயல் மேல் வெயில் விழுந்தால் பாதிக்கு மேல் சக்தி தண்ணீரை ஆவியாக்கவே போயிடும். காத்து அவ்வளவா சூடாகாது. காய்ஞ்ச செம்மண் காடு என்றால் அதே வெயில் நேரா காத்தைச் சுடும். காடு வேர் மூலமா ஆழத்துத் தண்ணியை உறிஞ்சி மேலே அனுப்பும். காத்தையும் தடுத்து வேகத்தைக் குறைக்கும். இந்தக் கணக்கைப் பார்க்கிற பகுதிக்குத் 'தரைப்பரப்பு மாடல்' என்று பேர். அதில் பிரபலமான 'நோவா' மண்ணை ரெண்டு மீட்டர் ஆழம் வரை நாலு அடுக்காகப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஈரமும் சூடும் எவ்வளவுன்னு பார்க்குது.

இந்தக் கணக்கு படுமோசமா சறுக்குற இடம் எது தெரியுமா? திபெத் பீடபூமி. சராசரி உயரம் 4,000 மீட்டருக்கு மேல். அங்கே தரை சூடானால், மற்ற இடங்களில் நடுவானமாக இருக்கிற உயரத்துக் காத்து நேரடியா சூடாகும். புதுப் பனி விழுந்தால் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிடும். வெறும் தரை அதைவிட ரொம்பக் குறைவாத்தான் அனுப்பும். நிஜத்தில் அங்கே பல இடங்களில் பனி மெல்லிசு. திட்டுத்திட்டா கிடக்கும், காத்தில் பறக்கும். மாடலோ கட்டம் முழுக்க வெள்ளையடிச்சு, ரொம்ப நாள் உருகாமல் வெச்சிருக்கும். வெள்ளை அதிகம் என்றால் குளிர் அதிகம், குளிர் அதிகம் என்றால் பனி இன்னும் உருகாது! அதனால்தான் பல மாடல்கள் திபெத்தை நிஜத்தைவிடக் குளிராகவும், மழை அதிகமாகவும் காட்டுது. போதாக்குறைக்கு மண் உறைந்து உருகுற சமாச்சாரம் வேற.

'திபெத் எங்கே, தென்காசி எங்கே?' என்கிறீர்களா? இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு 1884-லேயே, இமயத்தில் பனி அதிகம் விழுந்தால் இந்தியாவில் மழை குறையும் என்று எழுதினார். அப்புறம் பீடபூமியின் சூடுதான் பருவமழையை இழுக்குது என்ற கருத்து பாடப்புத்தகம் வரை வந்தது. 2010-ல் பூஸ், குவாங் என்ற இருவர் மாடலில் பீடபூமியை நீக்கிட்டு இமயமலையை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். பருவமழை பெரிசா மாறலை! வடக்கத்திக் குளிர்க் காத்தை மலைச்சுவர் தடுக்கிறதுதான் முக்கியம் என்றார்கள். இல்லை, சூடும் முக்கியம் என்று சீன விஞ்ஞானிகள் மறுத்தார்கள். பஞ்சாயத்து அதோடு முடியலை.

இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை, ஃப்ரெண்ட்ஸ். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து, குளிக்க வந்த 17 வயசுப் பையன் அடிச்சுட்டுப் போய் இறந்தான். கீழே நிற்கிறவர்களுக்கு மலை மேல் பெய்யுற மழை தெரியாது. அருவிக்குத் தண்ணி தர்ற மலைப்பகுதி சின்னது. மேலே கொட்டினது கொஞ்ச நேரத்தில் கீழே வந்துடும். மேல் மண் காய்ஞ்சிருந்தால் மழையில் ஒரு பங்கைக் குடிச்சுக்கும். ஏற்கெனவே நனைஞ்சிருந்தால் அதே மழை அப்படியே வெள்ளம். ஆக, மண் எவ்வளவு ஈரமா இருக்கு என்ற கணக்கு ஒரு உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு.

நீங்க ஃபிசிக்ஸா, ஜியாக்ரஃபியா, கம்ப்யூட்டர் சயின்ஸா? புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையாதீங்க. 'வொர்ஃப்' என்ற மண்டல மாடலை யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம். நோவாவும் அதிலேயே இருக்கு. தென்காசியைச் சுத்தி ரெண்டு கிலோமீட்டர் கட்டம் போடுங்க. ஒரு தடவை மலையில் காடு, ஒரு தடவை காட்டை எடுத்துட்டு வெறும் தரை. சாரல் எங்கே விழுதுன்னு பாருங்க. கம்ப்யூட்டர் பெரிசா இல்லையா? ஒரு தெர்மாமீட்டர் போதும். மத்தியானம் ரெண்டு மணிக்குத் தார் ரோடு, வயல், மரத்தடி மூணு இடத்திலும் அளந்து எழுதுங்க. மேலே சொன்ன மொத்தக் கதையும் அந்த மூணு நம்பரில் தெரியும்.

அப்புறம்... அருவியில் தண்ணி கலங்கி வந்தாலோ, சைரன் ஒலிச்சாலோ 'இன்னும் ஒரு நிமிஷம் மச்சான்' வேண்டாம். உடனே கரையேறுங்க!