உழவு யந்திரத்தின் மேல்தண்டும் சேற்று வயலும்

பாகூர் ஏரிப் பாசனத்திலும் வில்லியனூரை அடுத்த களிமண் வயல்களிலும் சேற்றுழவு இப்போது பெரும்பாலும் டிராக்டராலேயே நடைபெறுகிறது. ஏர்மாடு சேற்றில் அழுந்தினால் தானே நின்றுவிடும். யந்திரத்துக்கு நிற்கத் தெரியாது. அதன் அபாயம் அதுவே. பழைய டிராக்டர்களில் பார்வைக்கு விசித்திரமாய்த் தோன்றும் உறுப்புகள் சில, இவ்வபாயத்தை முன்னிட்டே அமைக்கப்பட்டவை. அவற்றின் கருத்தறியாமல் குடியானவர் பலர் அவற்றை வேறு காரியத்துக்கு வழங்குவது வருந்தத்தக்கது.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1917இல் செய்து வெளியிட்ட போர்ட்ஸன் டிராக்டர் மலிவானது, எடையும் குறைவு. அதன் கலப்பை வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரங்கள் உருள வழியின்றிப் போகும். அப்போது எஞ்சினின் வலிமை முழுதும், பின் அச்சைச் சுற்றி, யந்திரத்தின் முன்பாகத்தையே மேலே தூக்கும். இவ்வாறு பின்புறமாய்க் கவிழ்ந்து ஓட்டுநர் பலர் மாண்டனர். பிற்பாடு அதற்கு வைத்த மட்கார்டுகள் பின்னே வால்போல் நீண்டு தாழ்ந்திருக்கும். காண்போர்க்கு அது அலங்காரம். முன்புறம் எழும்பினால் தரையில் ஊன்றித் தடுப்பதே அதன் வேலை.

நோய்க்கு மருந்து கண்டவர் அயர்லாந்து தேசத்து ஹாரி பெர்குஸன் என்பார். கலப்பையைச் சங்கிலியால் இழுப்பதை விடுத்து, கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று தண்டுகளால் அதை யந்திரத்தோடு இணைத்தார். மண் கலப்பையின் கொழுவைப் பின்னுக்குத் தள்ளும்; அதனால் கலப்பையின் தலை முன்னுக்குச் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வை மேல்தண்டு வாங்கி யந்திரத்தின் மீது செலுத்த, முன்சக்கரங்கள் எழும்பாமல் தரையில் அழுந்தும். கவிழ்க்க வந்த விசையையே காவலாக்கிய இந்த யுக்தி மெச்சத்தக்கது. 1939இல் போர்டுடன் கூடி வெளியிட்ட யந்திரத்திலும், 1946 முதல் இங்கிலாந்தின் கோவெண்ட்ரி நகரில் செய்த சாம்பல்நிறச் சிறு டிராக்டரிலும் இவ்வமைப்பு இருந்தது. சென்னையில் 1960இல் நிறுவப்பட்ட டாபே கம்பெனியின் மாஸி பெர்குஸன் வண்டிகளும் அவ்வழி வந்தவையே.

டாப் லிங்க் என வழங்கும் அம்மேல்தண்டு கலப்பை முதலிய கருவிகளைத் தாங்குவதற்கே உரியது. அது மாட்டும் இடம் உயரத்தில், கைக்கு எட்டுவதாயிருப்பதால், புதைந்த வண்டியையோ தென்னங்கட்டையையோ இழுக்க அங்கேயே சங்கிலி கட்டுகிறார்கள். பின் அச்சுக்கு மேலே சுமையைக் கட்டி இழுப்பது, போர்ட்ஸன் ஓட்டிகளைக் கொன்ற நிலையைத் தாமே மீண்டும் உண்டாக்கிக்கொள்வதாகும். இழுப்பதெல்லாம் கீழுள்ள கொக்கியிலிருந்தே நடைபெற வேண்டும்.

கூண்டுபோன்ற இரும்புச் சக்கரம், அதாவது கேஜ் வீல், எடையைப் பரப்பிச் சேற்றில் அமிழாமல் தாங்குகிறது; மண்ணையும் கலக்குகிறது. ஆயினும் களிமண் ஆழமான இடத்தில் அதுவும் புதையும். அச்சமயம் சக்கரத்தோடு மரக்கட்டையைப் பிணைத்து முன்னுக்கு ஏற்ற முயல்வது மகா ஆபத்து. கட்டை சக்கரத்தை உருளவொட்டாமல் பிடிக்க, முன்பாகம் கண்ணிமைக்குமுன் மேலெழும். சேற்றை வெட்டி அப்புறப்படுத்திப் பின்னுக்கு ஓட்டுவதே தக்கது. அதுவும் இயலாவிடில் வேறொரு யந்திரத்தால் இழுப்பிக்கலாம். கூலிக்கு ஓட்டும் இளைஞர்க்கு இதைச் சொல்லித்தரும் பொறுப்பு யந்திரத்துக்குரிய மிராசுதாருடையது. ஏக்கருக்கு இவ்வளவு நேரம் என்று அவசரப்படுத்துவோர் அவர்களே அல்லவா?

கொம்யூன் பஞ்சாயத்தாரின் கவனம் பெரும்பாலும் கேஜ் வீல் தார்ச்சாலையைக் கெடுப்பதிலேயே செல்கிறது. அது நியாயமான குறைதான். ஆனால் வாய்க்கால் கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் வழிகள் செங்குத்தாயிருப்பது அதனினும் பெருங்குறை. செங்குத்தான கரையில் முன்னுக்கு ஏறும் டிராக்டர் சேற்றில் புதைந்ததைப் போலவே பின்புறம் கவிழக்கூடும். சம்பா நடவுக்கு முன் ஒவ்வொரு மடையருகிலும் மண்கொட்டிச் சரிவு அமைத்துத் தருவது பஞ்சாயத்துக்கு எளிய காரியம். அதுவரை கரையைப் பின்புறமாய் ஓட்டி ஏறுவதே ஓட்டுநர்க்கு உசிதம்.