வாசலில் வழியில்லை, மலைக்குப் போகிறது சைக்கிள்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஆண்டாப் ஹில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பின் முன் ஒரு கார் நிற்கிறது. அதன் பின்புறம் இரண்டு கியர் சைக்கிள்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பயணம் தானே பக்கம் யேவூர் மலைக்கு. 20 கிலோமீட்டருக்கு மேல் காரில் போய், சிறிது நேரம் சைக்கிள் மிதித்துவிட்டு, மறுபடியும் காரிலேயே திரும்புவார்கள். அதே வேளையில் தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி நம்மவர் ஒருவர் அந்தக் காரைக் கடந்து போகிறார்.

மலையில் சைக்கிள் ஓட்டுவது தவறென்று யாரும் சொல்லவில்லை. மண்பாதையும் மரநிழலும் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த விளையாட்டு பிறந்த கலிபோர்னியாவிலேயே, 1976-ல் மலைச்சரிவில் பந்தயம் தொடங்கிய இளைஞர்கள் வண்டியில் சைக்கிளை ஏற்றித்தான் உச்சிக்குப் போனார்கள். நம் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

"ஏம்ப்பா, இங்கேயே மாட்டுங்கா வரைக்கும் ஓட்டினால் ஆகாதா?" என்று கேட்கிறார் தகப்பனார்.

"லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலே எங்கே அப்பா ஓட்டுறது?" என்கிறான் மகன்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாட்டுங்கா ஐந்து தோட்டம் கூப்பிடு தூரம். சயான் கோட்டையும், பூநாரைகள் வந்திறங்கும் சிவ்ரி கடற்கரையும் சைக்கிளுக்கு எட்டாத தொலைவல்ல. ஆனால் வடாலா லாரி முனையத்துக்குப் போகும் கனரக வண்டிகளுக்கும், ஓரமெல்லாம் நிறுத்தியிருக்கும் வாகனங்களுக்கும் இடையில் சைக்கிளுக்கு ஒரு முழம் இடமில்லை.

2009-ல் திறந்த பாந்திரா–வொர்லி கடல் பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. 2024-ல் திறந்த கடற்கரைச் சாலையின் வாகனப் பாதையிலும் இல்லை. பாந்திரா–குர்லா வளாகத்தில் 2011-ல் சைக்கிள் பாதை போட்டார்கள். அதிலும் கார்கள் வந்து நின்றன. காருக்குக் கோடிகள், சைக்கிளுக்குத் தடைப் பலகை என்றால் எந்தப் பிள்ளை வாசலில் ஓட்டுவான்?

வீட்டருகே ஓட்டும் சைக்கிளின் பெருமையை நம் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அவர்கள் மலையேறவில்லை. தண்ணீர் எடுக்கவும், வேலைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஓட்டினார்கள். பஸ்ஸுக்கும் ஆண்பிள்ளைத் துணைக்கும் காத்திருந்த காலம் போயிற்று. வாசலில் தொடங்கிய பயணம் வாழ்க்கையையே மாற்றிற்று.

ஆண்டாப் ஹில்லிலும் அது நடக்கக் கூடாதா? குரு தேக் பகதூர் நகர் ஸ்டேஷனுக்குப் போகும் குமாஸ்தா, டியூஷனுக்குப் போகும் மாணவி, இட்லி விற்கும் தொழிலாளி ஆகிய மூவருக்கும் தேவை ஒன்றே: ஸ்டேஷன் வரைக்கும் மாட்டுங்கா வரைக்கும் சாலையோரத்தில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குள் வண்டி நிறுத்தினால் அபராதம், ஸ்டேஷன் வாசலில் பூட்டி வைக்க ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. இதற்குக் கடலில் தூண் நட வேண்டியதில்லை.

மலைக்குப் போவது திருவிழா, போய் வரட்டும். ஆனால் திருவிழாச் சாப்பாட்டால் மட்டும் உடம்பு தேறாது, தினமும் அடுப்பெரிய வேண்டும். வட்டாரத் தமிழ்ச் சங்கங்கள் மனு எழுதட்டும். மாநகராட்சி கவனிக்குமா?