வரப்போகும் மின்கலமும் வந்துவிட்ட குளிரும்

குளிர்காலத்திற்காகக் காரை ஆயத்தப்படுத்துவது என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். மார்கழிப் பனிக்குக் கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றிக்கொள்வதோடு நம்முடைய ஆயத்தம் முடிந்துவிடுகிறது. ஆனால் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் வாழ்பவருக்கு அது சிரிப்புக்குரிய செய்தியன்று. அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது புதுமையில்லை. ஊருக்கு வெளியே, நடுச்சாலையில் கார் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவரின் உயிருக்கே ஆபத்து.

இத்தகைய நாடுகளின் மின்சாரக் கார்களைப் பற்றிப் பேசுவோர் பலர் இப்போது ஓர் ஆறுதல் சொல்கிறார்கள். திண்மநிலை மின்கலம் மட்டும் வந்துவிடட்டும், அப்புறம் குளிர் ஒரு பொருட்டே இராது என்பது அவர்கள் வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதை நம்பிக் கைகட்டிக் காத்திருப்பது முழுத் தவறு என்பதே என் கருத்து.

பெட்ரோல் கார் குளிரை எப்படி வென்றது என்று முதலில் பார்ப்போம். நீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு அளவில் பெருகும். ரேடியேட்டரில் வெறும் நீரை ஊற்றி இரவில் வெளியே நிறுத்தினால், காலையில் எஞ்சினின் இரும்பு உடலே விரிசல் கண்டிருக்கும். ஆகவே நீருடன் எதிலீன் கிளைக்காலைச் சரிபாதி கலக்கிறார்கள். அக்கலவை சுழிக்குக் கீழே 37 டிகிரி வரை தாங்கும். அப்படியானால் நீரே இல்லாமல் முழுவதும் கிளைக்காலாகவே ஊற்றிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். தூய கிளைக்காலோ சுழிக்குக் கீழே 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்! உறைநிலைத் தாழ்வு என்று வகுப்பில் நாம் போட்டுப் பார்க்கும் கணக்கின் உயிருள்ள உருவம் இது. ஈயப் பாட்டரியின் கதையும் ஏறக்குறைய இதுவே. முழு மின்னேற்றம் பெற்ற பாட்டரியின் அமிலம் சுழிக்குக் கீழே 50 டிகிரியிலும் உறையாது. மின்னிறங்கிப்போன பாட்டரியில் அமிலம் நீர்த்துவிடுவதால், சுழிக்குக் கீழே 10 டிகிரிக் குளிரே அதை உறையவைத்து உடைக்கப் போதுமானது.

நம் ஊர்ப் பெட்ரோல் நிலையங்களில் அடுக்கியிருக்கும் எஞ்சின் ஆயில் டப்பாக்களில் 20டபிள்யூ-40 என்று அச்சிட்டிருப்பதை நண்பர்கள் பார்த்திருக்கலாம். அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. பனிக்கட்டியை ஐஸ் வண்டியில் மட்டுமே கண்ட நம் தெருவுக்கும் வின்னிபெக்காரரின் கவலை டப்பாவில் ஏறி வந்திருக்கிறது! டயரும் அப்படித்தான். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்குவதால், குளிர்காலத்திற்கென்றே மென்மையான ரப்பரில் தனி டயர் செய்கிறார்கள். கியூபெக் மாகாணம் 2008 ஆம் ஆண்டு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு கருவிதான். அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்னும் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினின் தலைப்பகுதியில் இருக்கும் மரையாணி ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருத்தும் மின்சூடாக்கி அது. இரவில் அதன் வயரைப் பிளக்கில் செருகிவிட்டால் காலையில் எஞ்சின் முரண்டு பிடிக்காமல் எழும். பின்னர் அதன் வடிவம் பலவாறு மாறிற்று, பயன் மாறவில்லை. கனடாவின் சமவெளி மாகாணங்களில் அலுவலகங்களிலும் குடியிருப்புகளிலும் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாகப் பிளக் பாயிண்ட்டுகளை இன்றும் காணலாம். ஒருவர் கண்டுபிடித்தார் என்பதைவிட, ஊரே சேர்ந்து பிளக் வைத்துக் கொடுத்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி மின்சாரக் காருக்கு வருவோம். இன்றைய லித்தியம் அயனி மின்கலத்தில் மின்பகுளி ஒரு திரவம். குளிரில் அது கெட்டிப்பட்டு அயனிகளின் நடை தளர்கிறது. சுழிக்குக் கீழே வேகமாக மின்னேற்றினால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்து மின்கலத்தைக் கெடுக்கிறது. ஆகவே கார் தானே மின்னேற்றத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது. அந்த வீண்தான் உள்ளே அமர்ந்திருப்பவரைக் கதகதப்பாக வைக்கிறது. மின்மோட்டாரோ ஊதாரித்தனம் அறியாதது. அதனால் பயணியின் கை விரல் விறைக்காமல் இருக்கவும் மின்கலத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சிக்கனமே இங்கே ஒரு குறையாகத் தோன்றுகிறது.

இந்த இடத்தில்தான் திண்மநிலை மின்கலத்தின் பெயர் மந்திரம்போல் ஓதப்படுகிறது. திரவத்திற்குப் பதில் திண்மம், கெட்டிப்பட எதுவுமில்லை, எளிதில் தீப்பற்றாது, அதே எடையில் அதிக ஆற்றல். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் திண்மத்திற்கும் குளிருக்கும் உள்ள உறவைச் சற்று ஆராய வேண்டாமா? மைக்கேல் ஃபாரடே 1830களில் வெள்ளி சல்ஃபைடு, ஈய ஃபுளூரைடு ஆகிய திண்மங்கள் மின்சாரத்தை நன்கு கடத்துவதைக் கண்டார், எப்போது? அவற்றைச் சூடாக்கியபோது. பாரிஸ் நகரத்தில் 2011 முதல் 2018 வரை ஆட்டோலிப் என்ற பெயரில் வாடகைக்கு ஓடிய புளூகார் கார்களில் இருந்தவை திண்ம பாலிமர் மின்பகுளி கொண்ட பாட்டரிகளே. அவை வேலை செய்ய ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நிறுத்தி வைக்கும்போதும் பிளக்கிலேயே கிடக்க வேண்டும். உண்மையில் தெருவில் ஓடிய திண்ம மின்கலம் குளிருக்கு மருந்தாக இல்லை. குளிரால் முதலில் வாடும் நோயாளியாக இருந்தது.

அதற்குப்பின் ஆய்வு வெகுதூரம் முன்னேறிவிட்டது என்பதை நான் மறைக்கவில்லை. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ரியோஜி கன்னோவும் அவர் குழுவினரும் 2011 இல் வெளியிட்ட ஒரு சல்ஃபைடுச் சேர்மம், அறை வெப்பநிலையிலேயே திரவத்திற்கு நிகராக லித்திய அயனிகளைக் கடத்திற்று. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் இடம் கிடைத்தால் நானும் இத்துறையில்தான் நுழைவேன். ஆயினும், திண்மத்திலும் அயனி ஓர் இடத்திலிருந்து மறு இடத்திற்குத் தாவியே செல்கிறது. குளிர் கூடக்கூடத் தாவல் குறையும் என்ற அர்ரீனியஸ் விதி அதற்கும் விலக்களிக்கவில்லை. மின்வாயும் மின்பகுளியும் இரண்டும் திண்மமாக இருப்பதால், அவை விரிந்து சுருங்கும்போது இடையில் தொடர்பு விட்டுப்போவது வேறு தொல்லை. சல்ஃபைடின் மேல் ஈரக்காற்று பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். நம் ஆய்வுக்கூடத்தில் கிப் உபகரணத்தின் அருகே நின்றவர்களுக்கு அந்த அழுகிய முட்டை நாற்றத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நாள் குறிப்பதிலும் இப்படியே. 2020களின் தொடக்கத்தில் இந்த மின்கலம் கொண்ட கார் வரும் என்று டொயோட்டா நிறுவனத்தார் 2017 இல் கூறினார்கள். 2023 இல் அந்த நாள் 2027-28க்குத் தள்ளிப்போயிற்று. ஆய்வில் தாமதம் இயல்பே. அதைக் குற்றம் சொல்வது அறியாமை. ஆனால் அதை நம்பி இன்று செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவது, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகும்.

2024 ஜனவரியில் சிகாகோ நகரத்தைக் கடுங்குளிர் தாக்கியபோது, மின்னேற்ற நிலையங்களின் வாயிலில் கார்கள் உயிரற்றுக் கிடந்தன, மணிக்கணக்கில் வரிசை. பொது நிலையத்தையே நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு அது. ஆனால் அதே 2024 ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்கள்! அங்கும் அதே திரவ மின்கலந்தான். அங்கும் குளிரில் காரின் ஓட்டத்தூரம் குறையத்தான் செய்கிறது. புறப்படுமுன் பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடேற்றிக்கொள்வது, வெப்ப எக்கி பொருத்திய காரை வாங்குவது, வீட்டு வாசலிலேயே மின்னேற்றுவது ஆகியவை அங்கே பழக்கமாகிவிட்டன. வரிச்சலுகை தந்து இதற்கு வழி திறந்தது அரசு.

திண்ம மின்கலம் நாளையே வந்தாலும் டயரின் ரப்பர் விறைக்காமலிராது. மின்கலம் திண்மமானாலும் உள்ளே அமர்ந்திருப்பவர் சதையும் இரத்தமும் உள்ள மனிதர். அவருக்குச் சூடு வேண்டும். கலத்தின் கொள்ளளவு பெருகினால் குளிர் தின்னும் பங்கு உறுத்தாது என்பது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விலையுயர்ந்த கலத்தை முதலில் வாங்கப்போகிறவர் யார்? சொந்தக் கொட்டகையும் சொந்தப் பிளக்கும் உள்ளவர். மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருந்து, தெருவோரம் பனியில் காரை விட்டுவிட்டுப் படியேறுகிறவருக்கு அது எந்த ஆண்டில் வந்து சேரும்?

அவருக்காக ஒரு சிறு கணக்கு. அந்நாட்டுச் சாதாரணப் பிளக் பாயிண்ட் 120 வோல்ட். அதிலிருந்து 12 ஆம்பியர் எடுத்தால் 1,440 வாட். இரவு 10 மணி நேரத்தில் 14 யூனிட்டுக்குச் சற்று மேல். அதில் 4 யூனிட் பாட்டரியைச் சூடாக வைத்திருப்பதற்கே செலவாகட்டும். மீதி 10 யூனிட்டில், கடுங்குளிரிலும் 40 கிலோமீட்டர் அளவுக்கு ஓடலாம். பலருக்கு வேலைக்குப் போய்த் திரும்ப அது போதும். வின்னிபெக்கின் கார் நிறுத்துமிடங்களில் பெட்ரோல் எஞ்சினுக்காக இந்தக் கம்பிகளை என்றோ இழுத்துவிட்டார்கள். இனி இழுக்க வேண்டியது வாடகைக் குடியிருப்புகள் நிறைந்த தெருக்களின் விளக்குக் கம்பங்கள் வரைக்கும்தான்.