ஏரியைக் கோடையில் மட்டும் பார்க்கும் படிப்பு

சுற்றுச்சூழல் பொறியியலும் சுற்றுச்சூழல் திட்டமிடலும் படிக்கிற பிள்ளைகளுக்கு நவம்பர் மாதத்தில் செமஸ்டர் தேர்வு வைக்கக் கூடாது. எங்கள் துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் நிரம்புவதும், உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிவதும், போக வழியில்லாத தண்ணீர் குடியிருப்புகளுக்குள் நுழைவதும் அப்போதுதான். அந்த வாரங்களில் எங்கள் மாணவர்கள் தேர்வறையில் உட்கார்ந்து, வெள்ளத் தடுப்பு முறைகளை 13 மதிப்பெண்ணுக்கு விவரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியை ஆவதற்கு முன்னால் சில ஆண்டுகள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் கன்சல்டன்சியில் வேலை பார்த்தேன். 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி தொழிற்சாலை, சுரங்கம், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் என்று பலவற்றுக்கும் முன்அனுமதி வேண்டும். பெரிய தொழில் திட்டம் என்றால் இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுவோம். அதற்குள் காற்று, நீர், மண், இரைச்சல் எல்லாவற்றையும் அளப்போம். இந்தக் கள ஆய்வுக்கு மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவு போதும் என்பதே பொதுவான நடைமுறை. காற்று மாசை அளக்க அது சரியான காலம்தான். மழை தூசியைக் கழுவிவிடும். ஆனால் ஏரிக்கும் அதே காலம் என்றால் எப்படி? ஏப்ரல் மாதத்து ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். புகைப்படம் எடுத்து அறிக்கையில் ஒட்டினால் பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் மைதானம்.

கல்லூரியிலும் இதே கதைதான். தொழில்நுட்பத்தை நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறோம், அதில் குறையில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று தொடங்கி, ஆயிரம் வீட்டுக்கான சுத்திகரிப்பு நிலையத்தை என் மாணவிகள் ஒரே மதியத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். நீரின் மாசை அளக்கும் பி.ஓ.டி. சோதனையை ஐந்து நாள், 20 டிகிரி என்று பிரிட்டனில் வகுத்தார்கள். நம் வெப்பத்துக்கு ஏற்றபடி மூன்று நாள், 27 டிகிரி என்று இந்தியத் தரநிலை அதை மாற்றிக்கொண்டது. ஆய்வகத்தில் ஒரு பாட்டிலுக்குக்கூட ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்கிறோம். அந்த ஆயிரம் வீடும் எந்தப் புல எண்ணில் வரப்போகிறது, அது ஏரியின் உள்வாயா, வரத்துக்கால்வாயா என்ற கேள்வி மட்டும் எங்கள் வினாத்தாளில் வந்ததே இல்லை.

சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவிகளைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரிக்கு அழைத்துப் போனேன். கையில் கிராம வரைபடம், அரசு இணையதளத்தில் எடுத்த நில விவர அ-பதிவேட்டு நகல், சர்வே லேபிலிருந்து தூக்கிவந்த, மட்டம் அளக்கும் ஆட்டோ லெவல். கலங்கலின் தலைமட்டத்தில் அளவுகோலை நிறுத்தி ஒரு ரீடிங். பிறகு ஏரியை ஒட்டிய புது லே-அவுட்டில், ஒரு வீட்டு வாசற்படியில் இன்னொரு ரீடிங். "என்னம்மா, ரோடு போடப் போறாங்களா?" என்று ஆர்வமாக வெளியே வந்தார் வீட்டுக்காரர். வாசற்படி கலங்கலைவிட ஒரு சாண் தாழ்வாக இருந்தது. திரும்பும்போது ஒரு மாணவி சொன்னாள்: "மேம், ஏரி நிறைஞ்சா தண்ணி இந்த வீட்டுக்குள்ளதான் வரும்னு, அஸ்திவாரம் போட்ட அன்னைக்கே முடிவாயிடுச்சே." எட்டு செமஸ்டரில் நான் நடத்தியதைவிட அந்த ஒரு ரீடிங் அவளுக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் புது விஞ்ஞானம் தேவைப்படவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. நிலத்தை அளப்பதிலிருந்து பிறந்த படிப்பு, சுற்றுச்சூழல் என்று வரும்போது மட்டும் கழிவு வெளியேறும் குழாயின் கடைசி முனையில் போய் நின்றுகொண்டிருக்கிறது.

அந்த முனையில் நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூர் போதும். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நொய்யலின் கரையில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் பெருகின. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த விளைநிலங்கள் பாழாயின. 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத தொழில்நுட்பம் பரவலாக நடைமுறைக்கு வந்தது. என் பழைய மாணவர்கள் சிலர் அங்கே திறமையாக வேலை செய்கிறார்கள். தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது அவர்களுக்கு இன்றும் தலைவலி. இவ்வளவு சின்ன ஆறு எத்தனை பட்டறையைத் தாங்கும் என்ற கணக்கைத் தொடக்கத்திலேயே போட ஓர் ஆள் இருந்திருந்தால், அந்த உப்பில் பெரும்பகுதி வந்தே இருக்காது. அதைத்தான் திட்டமிடல் என்கிறோம்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில், எந்தப் பட்டப்படிப்பு படித்தாலும் சுற்றுச்சூழல் என்று ஒரு கட்டாயப் பாடம் இருக்கிறது. தேர்வுக்கு முந்தின இரவு ஓசோன் ஓட்டையையும் அமில மழையையும் மனப்பாடம் செய்து எழுதி மறந்துவிடும் பாடம் அது. அந்த இடத்தைக் களத்துக்குக் கொடுக்கலாம். ஒரு மாணவருக்கு ஓர் ஏரி அல்லது ஒரு வார்டு. கோடையில் ஒருமுறை அளக்கட்டும், அடைமழையில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். இரண்டையும் கிராம வரைபடத்தின் மேல் வரைந்து கொடுத்தால் அதுவே தேர்வு.

இன்னொரு வாதம்தான் கனமானது: திட்டமிடலைப் படித்தால் வேலை எங்கே? நியாயமான கேள்வி. என் மாணவர்கள் பலர் அடுக்குமாடிகளின் சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள், அல்லது தொழிற்சாலையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் படிவம் நிரப்புகிறார்கள். கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவெடுக்கும் மேசைக்கு அவர்கள் வருவதே எல்லாம் முடிந்த பிறகுதான். நகராட்சியில் மனைப்பிரிவுக்கோ கட்டடத்துக்கோ விண்ணப்பம் வந்தால் சாலை அகலம், பக்கவாட்டு இடைவெளி, கார் நிறுத்துமிடம் எல்லாம் பார்க்கிறார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மட்டத்தை அளந்து பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் அந்த வரிசையில் வேண்டும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். 2022-இல் அதற்கு ராம்சர் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது, பெருமைதான். ஆனால் அதற்கு முன்பே அதன் ஒரு பகுதி பெருங்குடி குப்பைமேடாகவும், இன்னொரு பகுதி சாலையும் கட்டடமுமாகவும் ஆகிவிட்டது.

ஆகவே கேட்பது இரண்டுதான். பல்கலைக்கழகங்கள் இந்தத் துறைக்கு மட்டுமாவது தேர்வை ஜனவரிக்குத் தள்ளட்டும். அரசு, ஒவ்வொரு நகராட்சியிலும் சுற்றுச்சூழல் திட்ட அலுவலர் என்று ஒரு பணியிடம் உருவாக்கட்டும். அவர் களத்துக்குப் போய் மட்டம் அளந்து கையெழுத்துப் போடாமல் எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி இல்லை என்று விதி செய்யட்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நிவாரணமாகக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால், அந்தச் சம்பளம் ஒரு செலவே இல்லை.