மணலைத் தொடாத பிள்ளைக்கு மணற்கேணி எப்படிப் புரியும்?

திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் மணற்கேணியை உவமையாகக் காட்டுகிறார். தோண்டத் தோண்ட நீர் ஊறுவதுபோல, கற்கக் கற்க அறிவு பெருகும் என்பது அதன் கருத்து. தேர்வுக்காக அந்தக் குறளை மனனம் செய்தவர்கள் நம்மில் ஏராளம். ஆனால், மணலைக் கையால் தோண்டி, குழியின் அடியில் நீர் கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளுக்கு மணலை நாம்தான் அறிமுகப்படுத்த வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பாலர் கல்வி பயில்கிறேன். வேலைப் பயிற்சியின்போது பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி காலணியைக் கழற்ற மறுத்துவிட்டாள். “அக்கா, டர்ட்டி!” என்றாள். அதே சிறுமி வகுப்பறையில், டப்பாவில் விற்கப்படும் வண்ண மணலை ஆசையோடு பிசைந்து விளையாடுவாள். சிலிக்கோன் எண்ணெய் கலந்த அந்த மணல் காய்வதில்லை, பறப்பதில்லை. விளையாட்டுப் பொருள் என்ற முறையில் அதில் குறை இல்லை. ஆனால் அது உண்மையான மணலின் இயல்பைக் காட்டாது.

உண்மையான மணல் ஓர் அறிவியல் கூடம். உலர்ந்த மணலைக் குவித்துப் பாருங்கள். ஏறக்குறைய 30 முதல் 35 பாகைச் சாய்வு வரைதான் நிற்கும். அதற்கு மேல் சரிந்துவிடும். சிறிது நீர் தெளித்தால், துகள்களுக்கு இடையே நீர் மெல்லிய பாலம்போல் அமைந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். கோட்டைச் சுவர் செங்குத்தாக நிற்கும். நீர் அளவு மீறினால் அதே சுவர் கரைந்து ஓடிவிடும். உராய்வு, பரப்பு இழுவிசை என்றெல்லாம் உயர்நிலைப் பள்ளியில் நாம் படிக்கும் பாடங்களைக் கை முன்பே கற்றுக்கொள்கிறது. பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால், ஒரு கைப்பிடி மணலில் பளிங்கு போன்ற குவார்ட்ஸ் துகளும் உடைந்த சிப்பியும் தெரியும்.

மணலில் கற்பது நமக்குப் புதிதன்று. தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் பழகினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் இந்த முறையைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். அவர் 1797ல் லண்டனில் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, இங்கிலாந்துப் பள்ளிகளிலும் மணல் தட்டுகள் இடம்பெற்றன. எழுதியதை அழிக்க ஒரு தடவல் போதும். தவறாக எழுதிவிடுவோமோ என்ற பயம் பிள்ளைக்கு இல்லை.

சிங்கப்பூரிலும் மணல் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. 1979ல் தோ பாயோவில் அமைந்த டிராகன் விளையாட்டு இடத்தைப் பலரும் அறிவர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வடிவமைப்பாளர் கோர் இயன் கீ உருவாக்கிய அத்தகைய இடங்களில் தரை முழுவதும் மணல். பின்னர் அக்கம்பக்கமெங்கும் ரப்பர் தரை வந்தது. அதற்குக் காரணங்கள் உண்டு. மணலில் பூனைகள் அசுத்தம் செய்யும். உடைந்த கண்ணாடி மறைந்து கிடக்கும். பெற்றோரின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவற்றுக்குத் தீர்வு உண்டு. பயன்படுத்தாதபோது மணல் தொட்டியை மூடி வைக்கலாம். அடிக்கடி கிளறிச் சலித்துச் சுத்தம் செய்யலாம். அருகில் தண்ணீர்க் குழாய் வைத்து, விளையாடி முடித்ததும் கை கால் கழுவப் பழக்கலாம். ரப்பர் தரைக்கும் குறை உண்டு. நண்பகல் வெயிலில் அதில் வெறுங்காலுடன் நிற்க முடியாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நாம் வாழும் நிலத்தின் ஒரு பகுதியே மணல்தான். 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர், இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நாம் மிதிவண்டி ஓட்டும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, கடலைத் தூர்த்து உருவான நிலம். நம் அடுக்குமாடி வீடுகளின் கான்கிரீட்டிலும் சன்னல் கண்ணாடியிலும் மணல் இருக்கிறது. உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலையும் சரளையையும் பயன்படுத்துவதாக ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டுள்ளது. பாலைவன மணல் காற்றில் உருண்டு வழுவழுப்பாகிவிடுவதால் கான்கிரீட்டுக்குப் பெரும்பாலும் உதவாது. எனவே ஆறுகளும் கடல் அடித்தளமும் தோண்டப்படுகின்றன. அளவு மீறினால் கரை அரிக்கிறது, மீன்வளம் கெடுகிறது. இந்தோனீசியா 2007ல் நில மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மலேசியா 2018ல் கடல் மணல் ஏற்றுமதியை நிறுத்தியது. மணலை அழுக்கு என்று மட்டும் அறிந்து வளரும் பிள்ளை, நாளை இந்தச் சிக்கலைப் பற்றி எப்படிச் சிந்திக்கும்?

அரசாங்கமோ பள்ளியோ தொடங்கட்டும் என்று இளையர் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் தம்பி தங்கையைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அலை வந்து திரும்பும் இடத்துக்கு அருகே குழி தோண்டச் சொல்லுங்கள். நீர் ஊறுவதைப் பார்த்த பிறகு மணற்கேணி குறளைச் சொல்லிக் கொடுங்கள். மண் வேறு, மணல் வேறு என்று காட்டுங்கள். வண்டல், சரளை, குறுமணல் போன்ற சொற்கள் பிள்ளையின் நாவில் தங்க, அவை முதலில் கையில் பட வேண்டும். பாலர் பள்ளிகளில் தொண்டூழியம் புரியும் மாணவர்கள், மூடியுள்ள ஒரு தொட்டியில் கழுவிய மணலை வைக்கலாமா என்று ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் முறையாகப் பராமரிக்கப்படும் மணல் திடல் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நகர மன்றங்களிடம் கோருவதும் நம்மால் முடிந்ததே.