காப்போரின் மௌனம்

காப்பகங்களில் நிகழும் கொடுமை வெளிப்படும் போதெல்லாம், அது ஒரு கொடியவனின் தனிச்செயல் என்றே ஆட்சியாளர்கள் சொல்லிவிடுகின்றனர். பீகாரின் முசாபர்பூர் வழக்கு அந்தக் கூற்றைத் தகர்த்தது. அரசு நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய அந்தச் சிறுமியர் இல்லத்தில் 30க்கும் மேற்பட்ட சிறுமியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2020 ஜனவரியில் தில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. இல்லத்தை நடத்தியவருடன், அங்கே பணிபுரிந்த பெண்கள், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர், குழந்தைகள் நலக் குழுவின் தலைவர், உறுப்பினர் ஆகியோரும் தண்டிக்கப்பட்டனர். கொடுமைக்கு ஆளான சிறுமி எவரிடம் முறையிட வேண்டுமென்று சட்டம் கைகாட்டியதோ, அவர்களே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

சட்டத்தில் குறைவு ஒன்றும் இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, மருத்துவரும் பெண்ணொருவரும் அடங்கிய ஆய்வுக்குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் ஒவ்வோர் இல்லத்தையும் பார்வையிட வேண்டும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். முசாபர்பூர் இல்லத்திற்கும் அதிகாரிகள் வந்தனர், பார்த்தனர், சென்றனர். டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் தணிக்கைக் குழு புதிதாகச் செய்தது ஒன்றுதான்: பதிவேடுகளை மூடிவைத்துவிட்டுச் சிறுமியரோடு உட்கார்ந்து பேசியது. பீகாரில் அக்குழு பார்வையிட்ட 110 நிறுவனங்களுள் 17 பற்றிய முறைகேடுகள் மத்தியப் புலனாய்வுக் கழகத்தின் விசாரணைக்குச் சென்றன.

தண்டனைகளின் அளவும் சிந்திக்கத்தக்கது. இல்லத்தில் பணிபுரிந்த பெண்களுள் பெரும்பாலோருக்குப் பத்தாண்டுச் சிறையும் அதற்கு மேலும் விதிக்கப்பட்டன. அறிந்தும் தெரிவிக்காத குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட மாவட்ட உயர் அலுவலருக்கோ ஆறு மாதம். அப்பிரிவின் உச்ச வரம்பே அவ்வளவுதான். மேலே ஏற ஏறப் பொறுப்பு கனக்க வேண்டும். நம் சட்டத்தில் அது இலேசாகிறது.

இதனைக் கொண்டு கீழ்நிலை ஊழியரின் குற்றத்தைக் குறைத்து மதிப்பிட நாம் முற்படவில்லை. சட்டம் அவர்களை 'இல்லத்தாய்' என்கிறது. மொழிபெயர்க்கையில் கை கூசும் சொல் அது. இரவில் கதவைத் திறந்துவிடுபவரும் அழுகுரல் கேட்டும் கேளாதவர் போல் இருப்பவரும் ஏழைத் தொழிலாளி என்பதாலேயே மன்னிப்புக்கு உரியவராகிவிட மாட்டார். தொழிற்சங்கத்தில் பணியாற்றும் தோழர்கள் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கலாகாது. குழந்தையின் துன்பத்தை மறைத்த உறுப்பினருக்காகச் சங்கம் வாதாடக் கூடாது.

ஆனால் உண்மையைச் சொல்ல முன்வரும் ஊழியருக்காகச் சங்கம் இறுதிவரை நிற்க வேண்டும். இன்று அவருக்கு இருக்கும் பாதுகாப்பு யாது? நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் சாராது என்று போக்சோ சட்டம் கூறுகிறது. ஆண்டு முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமற் போனால் அதற்கு அச்சட்டத்தில் விடை இல்லை. குழந்தைகளைக் காக்கும் பொறுப்பைத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்து, ஊழியரைத் தொகுப்பூதியத்திலும் ஒப்பந்தத்திலும் வைத்திருக்கும் கொள்கை, நிர்வாகியின் தயவில் வாழும் ஒருவரிடமே அந்நிர்வாகிமீது புகார் எழுதச் சொல்கிறது. எழுதுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

காப்பகப் பணியிடங்களை அரசு நேரடியாகவும் நிரந்தரமாகவும் நிரப்ப வேண்டும். புகார் அளித்த ஊழியரை விசாரணை முடியும்வரை நீக்கவோ மாற்றவோ தடை வேண்டும். இல்ல நிர்வாகத்தோடு தொடர்பில்லாதவர்கள் குழந்தைகளிடம் தனித்துப் பேசும் சமூகத் தணிக்கை ஆண்டுதோறும் எல்லா மாநிலங்களிலும் நடக்க வேண்டும். அதன் அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். தெரிவிக்கத் தவறும் உயர் அலுவலருக்கான தண்டனையை உயர்த்தச் சட்டத் திருத்தம் தேவை.

உள்ளாட்சி மன்றங்களிலும் மாதர், மாணவர் அமைப்புகளிலும் உள்ள தோழர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. தம் மாவட்டத்தில் உள்ள இல்லங்கள் எத்தனை, ஆய்வுக்குழு கடைசியாகச் சென்றது எந்நாள், அக்குழு குழந்தைகளோடு தனித்துப் பேசியதா என்பவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே இம்மாதமே கேட்கலாம்.